பிரெஞ்சுப் பாட்டுக் கச்சேரிக்குப் போறம், முதலே என்னென்ன கேட்டு வைச்சால் நல்லம்?

சார்செல்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாரிஸுக்குக் கிட்ட சார்செலில இருக்கிறன், வந்து கனகாலம், ரெஸ்ரோறன்ட் குசினியில வேலை. வாற மாசம் மேரியின்ர, அதாவது இங்கத்தைய நகரசபையின்ர, மண்டபத்தில ஒரு கச்சேரி நடக்குது. பழைய பிரெஞ்சுப் பாட்டுகளும் இப்பத்தைய பாட்டுகளும் கலந்து மேடையில பாடப் போயினம், பாட்டுக்காரர் நாலைஞ்சு பேர், பியானோ, அக்கோர்டியன், கிற்றார், ட்ரம்ஸ் எண்டு ஒரு சின்ன பான்ட், இடையில பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கோரஸும் இருக்கு. அந்தக் கோரஸில என்ர மகளும் நிக்கிறாள், அதால குடும்பமாப் போறம், மாமியும் வாறா.

எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்ச் வேலைக்கும் டொக்டர், மேரி அலுவலுகளுக்கும் காணும். பாட்டு எண்டால் பாதிதான் பிடிபடும். வேலையிடத்தில நாள் முழுக்க றேடியோ போகும், மெட்டுகள் கனக்கக் காதில இருக்கு, ஆனா ஆர் பாடினது, என்னத்தைப் பற்றிப் பாடினது எண்டு ஒருக்காலும் விசாரிச்சதில்லை. மகள் இவ்வளவு ஆசையாப் பாடிக்கொண்டு திரியேக்க நானும் விளங்கித்தான் இருந்து கேக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

மகள் கொண்டு வந்த தாளில இருக்கிற பாட்டுகள்: பியாஃபின்ர "இம்ன் அ லமூர்", "லக்கோர்தியோனிஸ்த்", ப்ரெலின்ர "நெ மெ கித் பா", அஸ்நவூரின்ர "லா பொஎம்", பார்பராவின்ர "கோட்டிங்கன்", ஜோ தஸானின்ர "லே ஷான்ஸ் எலிசே". புதுசில ஸ்ட்ரோமேயின்ர "பாபாவுத்தே", பார்பரா ப்ராவியின்ர "வுவாலா", லுவான் பாடின "ஜெ வோல்". இன்னும் கொஞ்சம் இருக்கு, அதுகளை அண்டைக்குத்தான் சொல்லுவினமாம்.

எதை முதல் கேக்கிறது, எப்பிடிக் கேக்கிறது, தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

பாண்டி_வாத்தியார்:

வணக்கம்ணே. நான் பாண்டில பிரெஞ்ச் சொல்லிக் குடுக்குறவன், கிளாஸ்ல பசங்களுக்குப் பாட்டு போட்டுத்தான் பாதி பாடமே நடத்துறேன், அதனால இந்தக் கேள்வியப் பாத்ததும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல.

முதல் விஷயம், நம்ம சினிமாப் பாட்டுல மெட்டு மொதல்ல மனசுல வந்து உக்காந்துக்கும், வரி அப்புறமா மெதுவாத்தான் ஏறும். இவங்க பழைய பாட்டுல அது தலைகீழ். ஒரு ஆள் மேடைல நின்னு மூணு நிமிஷத்துல ஒரு கதைய நடிச்சுக் காட்டுறான், மெட்டு அந்தக் கதைக்குப் பின்னாடி நடந்து வருது, அவ்ளோதான். கதை தெரியாம கேட்டா ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடுறாங்களேன்னு தோணும். கதை தெரிஞ்சுட்டா அதே மெட்டு ஒவ்வொரு சுத்துக்கும் வேற மாதிரி கேக்கும். அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தேடாதீங்க, கதைய மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

"லா பொஎம்" எடுத்துக்குங்க. 1965ல வந்தது. வயசான ஒரு ஓவியன், மோன்மார்த்ர மலைல பட்டினி கெடந்து படம் வரைஞ்ச தன்னோட இருபது வயசை நினைச்சுப் பாக்குறான், திரும்பிப் போய்ப் பாத்தா அந்தத் தெருவும் இல்ல, அந்த வீடும் அடையாளம் தெரியல. அஸ்நவூர் இதை மேடைல பாடும்போது கைல ஒரு வெள்ளைக் கைக்குட்டை வச்சிருப்பாரு, விரல்ல ஒட்டின பெயிண்டைத் துடைக்கிற மாதிரி துடைச்சுட்டே பாடுவாரு, கடைசில அதை அப்படியே கீழ விட்டுடுவாரு. அந்தக் கைக்குட்டை விழுறதோட அவனோட வாலிபமும் போச்சு. வீடியோ கிடைக்கும், கட்டாயம் பாத்துட்டுப் போங்க. இப்ப யாரு இந்தப் பாட்டைப் பாடினாலும் சபைல பாதிப் பேர் மனசுல அந்தக் கைக்குட்டைதான் ஓடும்.

"நெ மெ கித் பா" 1959. விட்டுட்டுப் போகாதேன்னு ஒருத்தன் கெஞ்சுறான். காதல் பாட்டுன்னு உலகமே சொல்லுது, ஆனா ப்ரெலே இது ஆம்பளைங்களோட கோழைத்தனத்தப் பத்தின பாட்டுன்னு சொல்லியிருக்காரு. கேட்டாத் தெரியும், முதல்ல மழையே பெய்யாத ஊர்லேர்ந்து மழைமுத்து கொண்டாந்து தர்றேங்குறான், கடைசில உன் நாயோட நிழலா இருந்தாக்கூடப் போதும்னு எறங்கிடுறான். அந்த எறக்கம்தான் பாட்டு. ப்ரெல் பாடுற பழைய கறுப்பு வெள்ளை வீடியோல முகத்தக் கிட்ட காட்டுவாங்க, வேர்வை ஊத்தும், கண்ணு கலங்கும், கை மட்டும் எதையோ பிடிக்கப் பாக்கும்.

"இம்ன் அ லமூர்" பியாஃபே எழுதினது, மெட்டு மார்கரித் மோனோன்னு ஒரு அம்மா. குத்துச்சண்டைல உலக சாம்பியனா இருந்த மார்செல் செர்தான் மேல வச்ச காதல்ல எழுதினாங்க, 1949ல நியூயார்க்ல பாடினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அவங்களப் பாக்க வந்துட்டிருந்த செர்தான் அசோர்ஸ் தீவுல விமானம் விழுந்து செத்துப் போயிட்டாரு. நீ செத்தாலும் பரவாயில்ல, நானும் வந்துடுவேன்னு பாட்டுல முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க. 2024 ஜூலை 26ஆம் தேதி ஒலிம்பிக் தொடக்க விழால ஐஃபல் டவர் மேல நின்னு செலின் தியோன் பாடினது இதேதான், அதை நீங்க டிவில பாத்திருப்பீங்க.

இன்னொண்ணு, பேசும்போது இவங்க முழுங்கிடுற கடைசிச் சத்தம் பாட்டுல வெளிய வரும். சின்னப் பசங்க பாடுற "ஃப்ரெர் ஜாக்" பாட்டைக் கவனிங்க, பேச்சுல ரெண்டே அசை, பாடும்போது "ஃப்ரெ-ர ஜா-க"ன்னு நாலு அசையா இழுப்பாங்க. இது தெரியாததாலதான் கடைத்தெருவுல நல்லாப் பிரெஞ்ச் புரியிற ஆளுங்களுக்கும் பாட்டு புரியாமப் போகுது. ரெண்டு நாள் வரியப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா காது பழகிடும். அஸ்நவூர்ல ஆரம்பிங்க, உச்சரிப்பு கண்ணாடி மாதிரி. ப்ராசென்ஸ்னு இன்னொரு பழைய பாடகர், அருமையான ஆளு, ஆனா பழைய சொல்லும் தெருப் பேச்சும் ஏகப்பட்டது, அவரைப் பிறகு பாத்துக்கலாம்.

ஒல்னே_பிள்ளை:

அண்ணா, வாத்தியார் பழசுக்குச் சொல்லிட்டார், புதுசுக்கு நான் சொல்லுறன். நான் பாரிஸ் புறநகர் ஒல்னே-சூ-புவாவில வளந்தனான், இந்தப் பாட்டுகள்தான் எங்கட பள்ளிக்கூட பஸ்ஸில ஓடினது.

ஸ்ட்ரோமேயை ப்ரெலுக்குப் பக்கத்தில வைச்சுக் கேளுங்கோ, ரெண்டு பேரும் பிரசெல்ஸ்காரர், ரெண்டு பேரும் பாடேக்க உடம்பு முழுக்க நடிக்கும். "பாபாவுத்தே" 2013இல வந்தது, ஆடுற பாட்டு மாதிரித்தான் கேக்கும், ஆனா ஒரு பிள்ளை அப்பா நீ எங்க, சொல்லு எங்க எண்டு கேட்டுக்கொண்டே இருக்குது. அவற்ற அப்பா ருவாண்டாக்காரர், 1994 இனப்படுகொலையில கொல்லப்பட்டவர். எங்கட சனத்துக்கு இதை நான் கூட விளங்கப்படுத்தத் தேவையில்லை. எத்தினை வீட்டில அந்தக் கேள்வி இருக்கு. எனக்கு அந்தப் பாட்டுக்கு ஆட மனம் வாறேல்லை, ஆனா அவர் ஆடுற மாதிரித்தான் செய்தவர், அதில ஒரு காரணம் இருக்கு எண்டு நினைக்கிறன். சும்மா அழுகைப் பாட்டா வந்திருந்தால் உலகம் முழுக்க அந்தக் கேள்வியைப் பாடியிருக்காது.

அதே வருசம் வந்த "ஃபோர்மிதாப்ல்" வீடியோவையும் பாருங்கோ. பிரசெல்ஸில ஒரு ட்ராம் தரிப்பிடத்தில விடியக்காலமை வெறிகாரன் மாதிரித் தள்ளாடித் தள்ளாடிப் பாடுறார், மறைச்சு வைச்ச கமராவில எடுத்தது, போற வாற சனத்துக்கு அது நடிப்பெண்டு தெரியாது, பொலிஸ்காரர் வந்து சுகமா இருக்கிறீரோ எண்டு கேக்கினம். 2022 ஜனவரியில டிவிச் செய்தியில பேட்டி குடுத்துக்கொண்டு இருக்கேக்க தனிமையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, மனுசன் பதிலைக் கதைக்காமல் அப்பிடியே "லான்ஃபேர்" பாட்டாப் பாடத் தொடங்கிட்டார். ப்ரெலின்ர மேடையை இதில அப்பிடியே பாக்கலாம்.

"வுவாலா" 2021 யூரோவிஷனில, அதுதான் ஐரோப்பிய நாடுகளின்ர பாட்டுப் போட்டியில, ரெண்டாவதா வந்தது. மேடையில ஒரு ஆட்டக்காரர் இல்லை, தனிய நிண்டு, இதுதான் நான் எண்டு பாடுறா. மெதுவாத் தொடங்கி வட்டம் சுத்துற மாதிரி வேகம் ஏறி ஏறிக் கடைசியில மூச்சுமுட்டும். "ஜெ வோல்" உண்மையில மிஷேல் சார்தூவின்ர 1978ஆம் ஆண்டுப் பாட்டு, 2014இல "லா ஃபாமிய் பெலியே" எண்ட படத்தில லுவான் பாடினவ. காது கேளாத தாய் தகப்பனுக்குப் பிறந்த மகள், வீட்டை விட்டுப் பாட்டுப் படிக்கப் போக வெளிக்கிடேக்க மேடையில பாடிக்கொண்டே கைச்சாடையாலயும் அவைக்கு அதைச் சொல்லுவா. மகள் பாடுற பாட்டு இதெண்டால் கைலேஞ்சி கொண்டு போங்கோ அண்ணா.

இன்னொரு விஷயம் சொல்லவேணும். அஸ்நவூர் ஆர்மேனியப் பெற்றோரின்ர பிள்ளை. மற்றப் பழைய பாட்டுக்காரரைப் பாருங்கோ, மோந்தான் இத்தாலியில பிறந்தவர். தலிதா கெய்ரோவில, முஸ்தாகி அலெக்ஸாந்திரியாவில. பியாஃபின்ர "மிலோர்" பாட்டுக்கு வரி எழுதினது அந்த முஸ்தாகிதான். பிரெஞ்சுப் பாட்டெண்டு நாங்கள் பயந்து தள்ளி நிக்கிற சாமான் முழுக்க எங்களை மாதிரி வெளியில இருந்து வந்த சனமும் சேந்து கட்டினது. ஆயா நகமுரா மாலி நாட்டில பிறந்து எங்கட ஒல்னேயில வளந்தவ, ஒலிம்பிக் அண்டு செய்ன் ஆத்துப் பாலத்தில குடியரசுக் காவல்படை வாத்தியக் குழுவை வைச்சுக்கொண்டு தன்ர பாட்டுக்குள்ள அஸ்நவூரின்ர பாட்டையும் கலந்து பாடினா. முதல் அவ பாடக்கூடாது எண்டு எவ்வளவு எதிர்ப்பு. அண்டைக்கு நான் வீட்டில கத்தின கத்து பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

திஸ்ரநடை:

நான் சென்னைல கீபோர்ட் வாசிக்கிறவன், பிரெஞ்ச் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா இந்தப் பாட்டுங்கள நோட்ஸ் எழுதி வாசிச்சிருக்கேன், அதனால இசைப் பக்கம் மட்டும்.

பழைய பாரிஸ் பாட்டுல நிறைய மூணு எண்ணிக்கைல போகும், வால்ட்ஸ், நம்ம திஸ்ரம்னு வச்சுக்கங்க. அக்கோர்டியன் ஒண்ணுக்கு அழுத்தம் குடுத்து ரெண்டு மூணை லேசா விட்டுடும், தொடைல தட்டிட்டே கேட்டா நம்ம ஆளுக்கு உடனே பிடிபடும். ப்ரெலோட "லா வால்ஸ் அ மில் தான்"னு ஒண்ணு இருக்கு, 1959, சாதாரண வால்ஸாத் தொடங்கி ஒவ்வொரு சுத்துக்கும் காலம் ஏறி ஏறி கடைசில வார்த்தை கொட்டும், நாக்கு எப்படி ஒத்துழைக்குதுன்னே தெரியாது. அவரோட "ஆம்ஸ்டர்டாம்" ஸ்டுடியோல பதிவே பண்ணல, 1964ல பாரிஸ் ஒலிம்பியா அரங்க மேடைல பாடினதுதான் ரெக்கார்டா வந்தது. அமைதியாத் தொடங்கி கடைசில சுவர் இடியுற மாதிரி ஆகும், வால்யூம் நாப்ல பண்ற வேலை இல்ல, தொண்டையும் வாத்தியமும் சேந்து ஏறுறது.

நீங்க சொன்ன லிஸ்ட்ல எனக்கு உசுரு "லக்கோர்தியோனிஸ்த்". 1940, மிஷேல் எமெர்னு ஒருத்தர் எழுதி இசையமைச்சது, போர்முனைக்குப் போறதுக்கு முன்னாடி சிப்பாயா வந்து பியாஃப் கிட்ட குடுத்த பாட்டு. தெருவுல நிக்கிற ஒரு பொண்ணு, அக்கோர்டியன் வாசிக்கிறவனக் காதலிக்கிறா, அவன் போருக்குப் போறான், திரும்பி வரல. அவ அதே ஆட்டக் கூடத்துக்குப் போறா, அங்க வேற ஒருத்தன் வாசிக்கிறான், அவ கண்ண மூடிட்டு ஆடறா, தாங்க முடியாம இசைய நிறுத்துங்கன்னு கத்துறா. கத்தின எடத்துல பான்டும் சட்டுனு நிக்கணும். முடிவு ஸ்வரம் கிடையாது, ஃபேட் கிடையாது, வெட்டு. பான்ட் சரியா இல்லன்னா யாராவது ஒரு ஆள் அரை பீட் மிச்சம் வாசிச்சு முழுப் பாட்டையும் கெடுத்துடுவான். அன்னிக்கு அந்த எடத்தக் கவனிச்சுச் சொல்லுங்க, அந்த பான்ட் எப்படிப்பட்டதுன்னு நான் இங்கேர்ந்தே சொல்லிடுறேன்.

பழம்பாட்டு_ரசிகன்:

எல்லாம் சரிதான், ஆனா ஸ்ட்ரோமேயோட நிறுத்திக்கணும். பழைய ஆளுங்க மூணு நிமிஷத்துல ஒரு வாழ்க்கையச் சொன்னாங்க, இப்ப வர்றது முக்காவாசி ரேடியோவுக்காகச் செய்யிற சத்தம். ஆயா நகமுராவையும் அஸ்நவூரையும் ஒரே மூச்சுல சொல்றத என்னால ஏத்துக்க முடியல. அந்தக் கச்சேரிலயும் பாதி நேரத்தப் புதுசுக்குக் குடுத்து வீணடிக்கிறாங்கன்னுதான் எனக்குப் படுது.

ஒல்னே_பிள்ளை:

நீங்கள் பழசை எவ்வளவு நேசிக்கிறியளோ அதே அளவு நானும் நேசிக்கிறன், ஆனா இதை விடேலாது. 60களில ஃப்ரான்சுவாஸ் ஆர்தி, ஃப்ரான்ஸ் கால் எல்லாரும் வரேக்கயும் அவை பாடுறது பெட்டையளின்ர விளையாட்டுப் பாட்டு எண்டுதான் பெரியாக்கள் ஒதுக்கினவை. 1965இல கேன்ஸ்பூர் எழுதின பாட்டோட ஃப்ரான்ஸ் கால் லக்சம்பேர்க்குக்காகப் பாடி யூரோவிஷன் வெண்டா. இண்டைக்கு அந்தப் பாட்டைத்தான் பழைய நல்ல பாட்டெண்டு தாத்தா பாட்டிமார் கேக்கினம். 2024இல ஆர்தி காலமானபோது நாடே துக்கம் கொண்டாடினது.

றேடியோ எண்டு சொன்னபடியால் அதையும் சொல்லுறன், 1994இல ஒரு சட்டம் கொண்டு வந்து, 1996இல இருந்து றேடியோவில போடுற பாட்டில நூற்றுக்கு 40 பிரெஞ்ச் மொழியில இருக்கவேணும் எண்டு ஆக்கினவை. இல்லாட்டி இங்கிலிஷ் பாட்டு முழுக்க விழுங்கியிருக்கும். அந்தச் சட்டத்தால பெரிய லாபம் கண்டது ராப் பாடின புறநகர்ப் பிள்ளையள்தான். பிறகு வந்த ஆக்கள் எல்லாம் அந்தத் திறந்த கதவாலதான் வந்தவை. ஸாவோ த சகசான் எண்டு ஒரு பிள்ளை இருக்கு, அவவின்ர பாட்டுகளை ஒருக்கா இருந்து ஆறுதலாக் கேட்டுட்டு வந்து பழைய மாதிரி எழுத இப்ப ஆள் இல்லை எண்டு சொல்லுங்கோ பாப்பம்.

சார்செல்_வாசி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று வேலை முடிஞ்சு வந்து "லா பொஎம்" வீடியோ போட்டுப் பாத்தன், மாமியும் பக்கத்தில இருந்து பாத்தவ. கைலேஞ்சி விழுந்த இடத்தில, அவன் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பாத்தவனோ எண்டு மாமியே கேட்டா, நான் இன்னும் கதையைச் சொல்லத் தொடங்கேல்லை.

மகளிட்டக் கேட்டன், கோரஸ் பாடுறது "ஜெ வோல்" இல்லையாம், "கோட்டிங்கன்" ஆம். டீச்சர் அதுக்குத்தான் கனக்க நாள் பழக்கிறாவாம். அது ஜெர்மனியில ஒரு ஊரின்ர பேர் எண்டளவுதான் எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பிள்ளையள் ஏன் ஜெர்மன் ஊரைப் பாடுகினம்? மற்றது, மண்டபத்தில எப்பிடி நடந்துகொள்ளவேணும், கூடப் பாடலாமோ, அதையும் சொல்லுங்கோ.

டோர்ட்முண்ட்_அக்கா:

தம்பி, இதுக்கு நான் பதில் சொல்லாட்டி ஆர் சொல்லுறது. நான் ஜெர்மனியில இருக்கிறன், இந்தப் பாட்டை இங்கத்தைய ஆக்களும் நல்லா அறிவினம்.

பார்பரா யூதக் குடும்பத்துப் பிள்ளை, 1930இல பாரிஸில பிறந்தவ. சின்ன வயசு முழுக்க நாசிகளுக்கு ஒளிச்சு ஊர் ஊரா மாறித் திரிஞ்சது. 1964இல கோட்டிங்கன் ஊரில ஒரு சின்ன நாடக அரங்கக்காரர் வந்து பாடச் சொல்லிக் கேட்டபோது ஜெர்மனிக்கு வரமாட்டன் எண்டுதான் முதல் சொன்னவ. பிறகு ஒரு மாதிரி ஒத்துக்கொண்டு வந்தா. வந்து பாத்தால் மேடையில நிக்கிறது சுவரோட வைக்கிற சின்ன பியானோ. பெரிய கிராண்ட் பியானோ இல்லாட்டிப் பாடமாட்டன் எண்டு நிண்டிட்டா. பியானோ தூக்கிற தொழிலாளர் அண்டைக்கு வேலைநிறுத்தம். கடைசியில மாணவப் பெடியள் ஒரு வயசுபோன அம்மாவின்ர வீட்டுப் பியானோவைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து மேடையில வைச்சவை. கச்சேரி பிந்தித்தான் தொடங்கினது, சனம் எழும்பிப் போகேல்லை, இருந்து கேட்டு அப்பிடிக் கை தட்டினது. அவ ஒரு கிழமை கூடுதலா நிண்டு பாடினவ. கடைசி நாள் அந்த அரங்கத்தின்ர தோட்டத்தில இருந்து எழுதினதுதான் இந்தப் பாட்டு.

வசையும் இல்லை, எல்லாத்தையும் மன்னிச்சிட்டன் எண்ட பெரிய கதையும் இல்லை. இங்கத்தைய றோசாப்பூ வடிவு, இங்கத்தைய பிள்ளையளும் பாரிஸ் பிள்ளையளும் ஒண்டுதான், அந்த ரத்தக் காலம் திரும்ப வரக்கூடாது, எனக்கு அங்க நேசிக்கிற ஆக்கள் இருக்கினம், அவ்வளவுதான். 1967இல ஜெர்மன் மொழியிலயும் பாடினவ. 2003இல ரெண்டு நாட்டு ஒப்பந்தத்தின்ர 40 வருச விழா வெர்சாயில நடக்கேக்க ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடர் தன்ர பேச்சில இந்தப் பாட்டைத்தான் எடுத்துச் சொன்னவர், அவர் கோட்டிங்கனில படிச்சவர்.

பிள்ளையள் பாடவேண்டிய பாட்டு இது. டீச்சர் சரியான ஆளைத்தான் பாடவைக்கிறா. மகளுக்கு இந்தப் பியானோக் கதையைச் சொல்லுங்கோ, தெரிஞ்சு பாடினால் குரலே மாறும்.

பாண்டி_வாத்தியார்:

அக்கா எழுதினத நான் அடுத்த வாரம் கிளாஸ்ல சொல்லப் போறேன், அனுமதி குடுங்க.

அண்ணே, மண்டபத்துக்கு: "கோட்டிங்கன்", "நெ மெ கித் பா" மாதிரிப் பாட்டுல யாரும் கூடப் பாட மாட்டாங்க, கடைசி ஸ்வரம் அடங்குற வரைக்கும் கைதட்டவும் மாட்டாங்க, ஒரு நொடி விட்டுத்தான் தட்டுவாங்க. "லே ஷான்ஸ் எலிசே" வந்தா நிலமை வேற, பல்லவிய மண்டபமே பாடும், நீங்களும் சத்தமாப் பாடலாம், அந்தப் பல்லவி நாலு வரியத்தான் முதல்ல மனப்பாடம் பண்ணுங்க. 1969ல வந்த பாட்டு, மெட்டு ஒரு இங்கிலீஷ் பாட்டோடது, பாடின தஸான் அமெரிக்காவுல பொறந்தவரு, இருந்தாலும் பாரிஸ்னா இப்ப இதுதான். கடைசில சார்தூவோட "லே லாக் தூ கொனெமாரா" போட்டாங்கன்னா சபை எந்திரிச்சு நின்னுடும், கல்யாண வீட்டுலல்லாம் மேசைத்துண்டைத் தலைக்கு மேல சுத்துவாங்க, மாமி கைல ஒரு துப்பட்டா இருந்தாப் போதும்.

முடிஞ்சதும் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு தாளம் போட்டுத் தட்டுவாங்க, பெரும்பாலும் வந்து ஒண்ணு ரெண்டு பாடுவாங்க. ப்ரெல் மட்டும் எவ்ளோ தட்டினாலும் திரும்பி வந்து பாடவே மாட்டாராம், அது அவரோட கொள்கை.

மகள் பாடுறத வீடியோ எடுக்கணும்னா முன்னாடியே பள்ளிக்கூடத்துல கேட்டுக்குங்க. பிரான்ஸ்ல பிள்ளைங்க படத்துக்குப் பெத்தவங்க அனுமதி வேணும், கோரஸ்ல நிக்கிற மத்தப் பிள்ளைங்க முகமும் சேந்து விழும்ல. பள்ளிக்கூடமே எடுத்துக் குடுத்தா அது இன்னும் நல்லது, நீங்க ஃபோனப் பையில வச்சுட்டு நிம்மதியாக் கேக்கலாம்.

திஸ்ரநடை:

போயிட்டு வந்து அந்த "நிறுத்துங்க" எடத்துல பான்ட் என்ன பண்ணுச்சுன்னு எழுதாம விட்டுடாதீங்க அண்ணே, நான் இந்த இழைய ஃபாலோ பண்ணி வச்சிருக்கேன்.